அவருக்கு மட்டும் தெரிந்த வரிகள்

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அது முதலில் அமெரிக்கா போய்விட்டுத்தான் திரும்பி வரும். சும்மா சொல்லவில்லை. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், மாடிப் போர்ஷனில், நானும் என் வீட்டுக்காரரும் ஒரே மேசை, ஒரே கம்ப்யூட்டர் என்று குடித்தனம் நடத்திய காலம் அது. தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் பிறந்திருந்தது. விடிந்ததும் அவர் டெலிபோன் ஒயரை மோடத்தில் செருகுவார். அது கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக லைன் கிடைக்கும். முந்தின நாள் சாயங்காலம் நான் எழுதி வைத்த மடலும், எனக்கு எதிராக அவர் எழுதி வைத்த மடலும் ஜோடியாகக் கிளம்பிப் போகும். மறுநாள் காலையில் இரண்டும் அதே மேசைக்கு வந்து சேரும். நான் டீ கிளாஸோடு உட்கார்ந்து, என் முதுகுக்குப் பின்னால் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிற மனுஷன் என்னைப் பற்றி உலகத்துக்கு என்ன சொல்லியிருக்கிறார் என்று படிப்பேன்.

சண்டை எல்லாம் ஒரு மென்பொருளைப் பற்றித்தான். தமிழில் எழுத, திருத்த, அச்செடுக்க ஒரு சின்ன மென்பொருள். கட்டற்ற மென்பொருள் என்பார்கள். உள்ளே இருக்கிற நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். காசு கிடையாது, முதலாளியும் கிடையாது. மலேசியாவில் ஒருத்தர், கனடாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர், இங்கே நாங்கள் இரண்டு பேர். நான்கு பேரும் பேசிக்கொள்ள அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஒரு மடற்குழு, அதை லிஸ்ட் என்போம். ஒருத்தர் எழுதினால் அங்கே போய், அங்கிருந்து எல்லாருக்கும் வரும். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. லிஸ்ட்டில் சொல்லாதது சொல்லாததற்குச் சமம். இல்லாவிட்டால், கடல் தாண்டி உட்கார்ந்து மாங்கு மாங்கென்று வேலை செய்கிறவர்களுக்கு, இவர்கள் எல்லாவற்றையும் தங்கள் அடுப்பங்கரையிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள் என்று தோன்றாதா? அதனால் சோற்றில் கை வைத்தால் நிரலைப் பற்றி வாயே திறக்க மாட்டோம். குழம்பில் உப்பு குறைவு என்று மட்டும் நேரில் சொல்லலாம்.

நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று அந்த இரண்டு பேருக்கும் தெரியாது. பெயருக்குப் பதில் முதலெழுத்தைத்தான் போடுவோம். நான் பெண் என்பது மட்டும் பேச்சுவாக்கில் தெரிந்திருந்தது. ஒரு தடவை நான் அனுப்பிய நிரலை அவர் லிஸ்ட்டில் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். உடனே கனடாக்காரர் அவருக்குத் தனியாக ஒரு மடல் போட்டார். தம்பி, அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் தன்மையாகப் பேசு, இந்த வேலைக்குப் பெண்கள் வருவதே அபூர்வம் என்று. அதே காலையில் மலேசியாக்காரர் எனக்கு எழுதியிருந்தார். தங்கச்சி, அந்த ஆளை மனதில் வைத்துக்கொள்ளாதே, இந்த மாதிரி ஜென்மங்கள் எல்லா ஊரிலும் உண்டு என்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தோம். அன்றைக்கு இரண்டு பேருமே ஆபீசுக்கு லேட்.

ஆபீஸ் என்றால் ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்குச் சுங்கக் காகிதம் தயார் செய்கிற கம்பெனி. நான் டேட்டா என்ட்ரி, அவர் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். அங்கேதான் பழக்கம், அங்கேயிருந்துதான் கல்யாணம். அவர் முகத்துவாரக்குப்பத்துக் கடல்காரர் வீட்டுப் பிள்ளை, நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வீட்டிலும் நடந்த கூத்தைத் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம், அது இப்போது வேண்டாம்.

அந்த ஆபீசில் ஒரு நாள் ஆறு கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டினார்கள். உப்புக்காற்றில் பெட்டியெல்லாம் துருப் பிடித்திருந்தது, ஆனால் ஓடும். எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றி, மேலே கோணி போட்டு மூடி, வியாசர்பாடிக்குக் கொண்டுபோனோம். நான் பிறந்த பில்டிங்குக்குக் கீழே, புத்தர் சிலை வைத்த ஒரு கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வணக்கம் முடிந்ததும் அங்கேயே வகுப்பு. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வருகிற பெண்கள். மானிட்டர்களில் மீன் வாடை போகவே ரொம்ப நாள் ஆயிற்று. நான் ஆறு நாள் சுங்கக் காகிதம் தட்டியதெல்லாம் அந்த ஏழாவது நாளுக்காகத்தான் என்று அப்போது நினைத்துக்கொள்வேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிரச்சினை என்னவென்றால், அந்த மிஷின்களில் மெமரி ரொம்பக் குறைவு. எங்கள் மென்பொருளே அதில் திணறியது. அதனால் நான் ஒரு வேலை செய்தேன். எழுதி வைத்த கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் மெமரியில் ஏற்றாமல், திரையில் தெரிகிற பக்கத்தை மட்டும் ஏற்றி, நகர நகர அடுத்ததை ஏற்றுகிற மாதிரி எழுதினேன். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு வேண்டிய மீனை மட்டும் வாங்குகிறோமே, அந்தக் கணக்குத்தான். வீட்டுக்காரர் வழக்கம்போல லிஸ்ட்டில் எதிர்த்தார், நிரல் சிக்கலாகிவிடும் என்றார். நான் விடவில்லை. கனடாக்காரர் என் பக்கம் சேர்ந்தார். கடைசியில் இவரும் ஒப்புக்கொண்டு லிஸ்ட்டிலேயே சரி என்று எழுதினார்.

லிஸ்ட்டில் முடிவான பிறகுதான் எங்களுக்கு வீட்டில் பேசவே உரிமை. அப்புறம் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுவோம். நான் ஒரு வரி, அவர் ஒரு வரி. தமிழ் எழுத்தை அழிக்கும்போது கொம்பும் காலும் தனித்தனியாக நிற்காமல் மொத்தமாக அழிவது, வரி உடையும் இடம், அச்சு என்று போகிற போக்கில் நான் கை வைக்காத இடம் கிடையாது. தலைமை நகலில் எழுதுகிற சாவி, அதாவது பாஸ்வேர்ட், அவர் ஒருத்தரிடம்தான் இருந்தது. அதனால் எல்லாமே அவர் பெயரில் பதிவாகும். நான் எழுதியதில் பாதி, லிஸ்ட்டைத் தோண்டினால் என்னுடையது என்று தெரியும். மீதிப் பாதி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சட்டிக்குள் போன பிறகு புளி யார் கரைத்தது, மிளகாய் யார் அரைத்தது என்று யார் பார்க்கிறார்கள்?

இப்படி இருக்கையில்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்தது. அரசாங்க ஆபீஸ்களுக்குத் தமிழில் மென்பொருள் விற்கிற திட்டம் அவர்களுக்கு. எங்களுடையதைப் பார்த்திருக்கிறார்கள், பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நீங்கள் வீட்டில் செய்கிற அதே வேலையை எங்கள் ஆபீசில் உட்கார்ந்து நாள் முழுக்கச் செய்யுங்கள், சம்பளம் தருகிறோம் என்றார்கள். மலேசியாக்காரருக்கும் ஏதோ ஒப்பந்தம் போட்டார்கள். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாமியார் வஞ்சிரம் வறுத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். ஊர் சிரிக்கச் செய்த வேலைக்கு ஒரு மரியாதை வந்ததே என்று நான் கோயில் வாசல்வரை போய்ப் பூ வாங்கி வைத்துக்கொண்டேன். சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, பூவுக்கு என்ன?

ஆபீஸ் ஊரின் தெற்குக் கோடியில். கம்பெனி வேன் பாரிமுனையோடு திரும்பிவிடும், அதற்கு வடக்கே மனுஷர்கள் இல்லை என்று நினைப்பு. இவர் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் நசுங்கி அங்கே போய்ச் சேருவார். முதல் ஆறு மாதம் மென்பொருள் ஜோராக வளர்ந்தது. நாங்கள் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட பிழைகளையெல்லாம் சரிசெய்தார்கள். எங்கள் இணையப் பக்கத்தையும் லிஸ்ட்டையும் தங்கள் சொந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பளபளவென்று ஆக்கினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் பேஜாரே. கெட்டவர்களாக இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே எனக்கு உறைத்திருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக லிஸ்ட் அடங்கியது. முன்பெல்லாம் காலையில் பத்துப் பதினைந்து மடல் இருக்கும். இப்போது மோடம் கத்தி ஓய்ந்து பார்த்தால் ஒன்றுமில்லை. விவாதம் நின்றுபோய், முடிவு மட்டும் வர ஆரம்பித்தது. சுட்ட இட்லி மாதிரி முழுசாக வரும், மாவை யார் அரைத்தார்கள் என்று தெரியாது. அப்படி ஒரு நாள் அடுத்த பதிப்பின் அறிவிப்பு வந்தது. அது ஓடுவதற்கு வேண்டிய மெமரி என்று ஒரு எண் போட்டிருந்தது. என் ஆறு மிஷினையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால்கூட அந்த எண் வராது. போதாக்குறைக்குக் கோப்பின் அமைப்பையும் மாற்றுகிறார்களாம். புதியதில் எழுதியது பழையதில் திறக்காது. என் பெண்கள் இங்கே தட்டியதை வெளியே அச்சுக்கடையிலும் ஆபீசிலும் கொண்டுபோய்த்தானே வேலை கேட்கிறார்கள்? அங்கே எல்லாரும் புதியதற்கு மாறிவிட்டால் இவர்கள் கற்றது எதற்கு ஆகும்?

லிஸ்ட்டில் கேட்டேன். பதில் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார், கை கால் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே பேசியதை வெளியே பேசக்கூடாது என்று வேலையில் சேரும்போதே எழுதி வாங்கியிருந்தார்களாம். மறுநாள் வேலை விட்டு வந்து பார்த்தால், அவருடைய ஆபீஸ் முகவரியிலிருந்து லிஸ்ட்டுக்கு ஆங்கிலத்தில் பதில் வந்திருந்தது. உங்கள் பங்களிப்புக்கு நன்றி, பழைய கணினிகள் எங்கள் திட்டத்தில் இல்லை. கீழே அவருடைய முழுப் பெயர், பதவி. எனக்கு வந்ததே கோபம். முந்தின நாள் ராத்திரி என் கையால் மத்தி மீன் குழம்பு சாப்பிட்ட மனுஷன், எனக்கு நன்றி சொல்லி மடல் போடுகிறார். திட்டுவது என்றால் பழைய மாதிரி திட்டித் தொலையக் கூடாதா?

அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வாங்கறவன் புச்சு மிஷினுதான்மே வாங்குவான். பயசுக்குன்னு யாரு துட்டு குடுப்பா? அவங்க துட்டு போட்டாங்க, அவங்க சொல்ற பக்கம் வண்டி போவுது."

அவர் சொன்னதில் தப்பு என்று ஒரு வார்த்தை எடுக்க முடியவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்று சொல்லிவிட்டு, தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

அடுத்த மாதம் அவர் ஒரு காகிதம் கொண்டுவந்தார். இதுவரை இந்த மென்பொருளில் எழுதிய எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியதன் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்தால், இலவசப் பதிப்பு ஒரு பக்கம் இருக்க, உள்ளே யாரும் பார்க்க முடியாத மாதிரி பூட்டிய பதிப்பு ஒன்றையும் அவர்கள் விற்கலாம். கையெழுத்துப் போடாதவர் எழுதியதை எடுத்துவிடுவார்களாம். மலேசியாக்காரர் போட்டுவிட்டார். கனடாக்காரரும், வயதாகிவிட்டது, நமக்கெதற்கு வழக்கு என்று போட்டுவிட்டார். வீட்டுக்காரர் வேலையில் சேரும்போதே எழுதிக் கொடுத்திருந்தார். மென்பொருளில் நன்றி சொல்கிற பட்டியலில் என் பெயரும் இருந்ததால் நான் ஒருத்திதான் பாக்கி. ஊரே குடிக்க வைத்த தண்ணீர்ப் பந்தலில் ஒருத்தன் வந்து மீட்டர் மாட்டுகிறான், அதற்கு நான் வேறு கையெழுத்துப் போட வேண்டுமா?

ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வரிகள் இல்லாமல் அவர்களுக்கு ஆகாது. பழைய மிஷினிலும் ஓடும்படி வைத்திருப்போம் என்று எழுத்தில் கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று பதில் அனுப்பினேன். ஆபீசிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். தேன் மாதிரி குரல். உங்கள் கணவரை நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் தெரியுமா, அவருடைய வேலை நிரந்தரமாகிற சமயத்தில் இப்படி ஒரு சின்ன விஷயம் குறுக்கே வருகிறதே என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதம் என் பையில் இருந்தது. வகுப்புக்கு வருகிறவர்களில் வண்ணாரப்பேட்டை ரெடிமேட் மொத்தக் கடையில் சட்டை மடிக்கிற ஒருத்தி உண்டு. என் வயதுதான், ஆனால் என்னை டீச்சர் என்பாள். என் மூஞ்சியைப் பார்த்ததும் விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். போடாதே, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"போட்டுடு டீச்சரு. இந்த மிஷினு இன்னிக்கி இல்லாங்காட்டி நாளிக்கி பூடும். வூட்டுக்காரு வேல பூட்ச்சின்னா இன்னா பண்ணுவ?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். என்னை நினைத்து அவர்கள் தங்கள் மிஷினை விட்டுக்கொடுக்கிறார்கள். அவர்களை நினைத்து நான் என் வீட்டுக்காரர் வேலையைப் பணயம் வைத்திருக்கிறேன். நல்ல கூத்து.

வீட்டுக்கு வந்து காகிதத்தை மேசையில் வைத்து, பேனாவையும் வைத்து, போடவா என்று கேட்டேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று அத்தனை நாளாக இருந்தவர் அன்றைக்கு நேராகப் பார்த்தார்.

"குடுன்னு சொன்னாங்க, கொண்டாந்து குடுத்தேன். போடுன்னு நான் சொல்லல. உனுக்கு மன்சு இல்லன்னா போடாத."

நான் போடவில்லை. அவர்கள் திரும்ப வந்து பேசுவார்கள் என்று நினைத்தேன். அத்தனை இடத்தில் என் கை பட்டிருக்கிறது, சுலபமா என்ன? யாரும் வரவில்லை. இரண்டே வாரத்தில் நான் எழுதியது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வேண்டியதை வேறு யாரையோ வைத்து எழுதிக்கொண்டார்கள். நன்றாகவே எழுதியிருந்தார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். பக்கம் பக்கமாக ஏற்றுகிற என் வேலை மட்டும் வேண்டாததாகிப் போனது. அவருடைய வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை, நிரந்தரமாயிற்று. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முடிவெடுத்தது அவர்களுக்கு ஒரு கொசுக்கடி.

யார் உட்கார்ந்து என் வரிகளை எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். அந்த ஆபீசில் எது என்னுடையது என்று முழுசாகத் தெரிந்தவர் ஒருத்தர்தான். அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. குடும்பம் நடந்தது, குழந்தை பிறந்தது, முள் அப்படியே இருந்தது.

பழைய பதிப்பு யாருடைய சொத்தும் இல்லை, நகலை எடுத்து நடத்த எனக்கும் உரிமை உண்டு. நடத்தினேன். புதிய கோப்பைப் பழையதில் திறக்கிற வழியை நானே எழுதிச் சேர்த்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எழுதியதால் ரொம்ப நாள் எடுத்தது. அந்த மிஷின்கள் ஒவ்வொன்றாகச் சாகிறவரை வியாசர்பாடியில் அதுதான் ஓடியது. நாலைந்து பெண்கள் வேலைக்குப் போனார்கள். சட்டை மடித்தவள் அதே கடையில் பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்தாள். போட்டுடு என்று எனக்குச் சொன்னவள், இன்றைக்கும் பார்த்தால் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வாள்.

கம்பெனி எதிர்பார்த்த அரசாங்க ஆர்டர் வரவில்லை. மூன்றாவது வருஷம் இந்தத் தமிழ் மென்பொருள் கடையைக் கட்டினார்கள். வீட்டுக்காரரை அதே கம்பெனியில் ஏதோ பேங்க் மென்பொருள் வேலைக்கு மாற்றினார்கள். இணையப் பக்கத்தை மூடியபோது லிஸ்ட்டும் அதோடு போயிற்று, பழைய மடல்கள் உட்பட. நாங்களும் ஒரு தடவை டிஸ்க் கெட்டுப்போனபோது எங்கள் பிரதியைத் தொலைத்திருந்தோம். நாங்கள் இரண்டு பேரும் உலகமே பார்க்கப் போட்ட சண்டை அத்தனையும் போச்சு. மற்றவர்கள் காதல் கடிதத்தை வைத்திருப்பார்கள். எங்களிடம் இருந்தது அதுதான். அன்றைக்கு நான் வாய்விட்டு அழுதேன்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, கடற்கரையில் அலையைத் தடுக்கப் போட்ட கருங்கல் மேல் உட்கார்ந்திருந்தோம். எண்ணூர்ப் பக்கம் புகை போய்க்கொண்டிருந்தது. கேட்காமலேயே அவர் சொன்னார்.

"உன்னுது எதெதுன்னு காட்னது நான்தாம்மே. ஒக்காந்து ஒவ்வொரு வரியா. இத்த எயுதசொல்லோ கரண்டு பூட்ச்சி, இத்த எயுதசொல்லோ உனுக்கு ஜுரம், அப்டின்னு எல்லாம் ஞாபகம் வந்துகினே இருந்திச்சி."

முள் இருந்த இடம் பற்றிக்கொண்டு எரிந்தது. அத்தனை வருஷக் கோபமும் ஒன்றாக வந்தது.

"பதிவு எல்லாம் உன் பேர்லதானேயா இருந்திச்சி? லிஸ்ட்ட பாத்தா பாதிதான தெரியும். நீ கம்முனு இருந்திருந்தா என்னுது மீதிப் பாதியாவது உள்ள நின்னிருக்கும்ல?"

"நின்னிருக்கும்" என்றார். "ஒர்த்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா நீ குடுக்க மாட்டேன்னு சொன்னியே. நீ குடுக்காதத நான் எப்டிமே அவங்க கைல வுட்டுட்டு வர்றது?"

அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.